ஆறுதலா? ஆயுதமா? – கிரேக்க ஒப்பாரி பற்றி ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ராத்திரி ஒன்பதரை மணி ஆகியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் சபையோரே, வணக்கம்.

'கிரேக்கரின் ஒப்பாரி: ஆறுதலா, ஆயுதமா?' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நான் ஆயுதக் கட்சி. போன வருஷம் இதே மேடையில் 'மகளா, மருமகளா' என்று பேசிவிட்டுப் போனவன் நான். இந்த வருஷம் என்னை ஏதென்ஸ் வரைக்கும் அனுப்பிவிட்டார்கள். சரி, மாமியார் பிரச்சினை இல்லாத ஊர் என்று நிம்மதியாகப் போனேன். அங்கேயும் மாமியார் இருக்கிறார். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா ஒரு சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார். கோதுமையை வேகவைத்து, மாதுளை முத்து, பாதாம், உலர்திராட்சை, சர்க்கரை எல்லாம் சேர்த்து, நாற்பதாம் நாளும் வருஷத் திதிக்கும் கோயிலில் வைத்து மந்திரித்து ஊருக்கெல்லாம் கொடுக்கிற கோலிவா. கேட்கும்போது எனக்கே பசித்தது. இறந்தவரின் எலும்பைச் சில வருஷம் கழித்துத் தோண்டி எடுத்து, திராட்சை மதுவில் கழுவி, பெட்டியில் வைத்து எலும்பறையில் சேர்ப்பதையும் சொன்னார். அழகாகத்தான் பேசினார். கடைசியில், "ஆக, இந்தப் பாட்டும் சடங்கும் பெண்களின் மனப்பாரத்தை இறக்கிவைத்தன, அவ்வளவுதான்" என்று முடித்தார். அந்த 'அவ்வளவுதான்' மீதுதான் எனக்கு வழக்கு.

கோலிவா ஆறுதல்தான். மறுக்கவே இல்லை. ஆனால் தலைப்பு பாட்டைப் பற்றியது, பலகாரத்தைப் பற்றியது அல்ல.

நடுவர் அவர்களே, ஒரே ஒரு கேள்வி. ஆறுதலுக்கு எந்த ஊரிலாவது தடைச்சட்டம் போடுவார்களா?

ஏதென்ஸில் போட்டார்கள். கி.மு. 594-இல் ஆட்சிப் பொறுப்புக்கு வந்த சோலன், பெரிய சட்ட மேதை. அவர் போட்ட சட்டங்களில் சாவு வீட்டுச் சட்டமும் உண்டு. பெண்கள் முகத்தையும் மாரையும் கீறிக்கொள்ளக் கூடாது. கட்டி வைத்த பாட்டைப் பாடக் கூடாது. ஒருவர் சாவில் இன்னொருவருக்காக அழக் கூடாது. பிணத்தை வீட்டுக்குள்ளேதான் கிடத்த வேண்டும். மறுநாள் சூரியன் உதிக்கும் முன்னால் எடுத்துவிட வேண்டும். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். அறுபது வயதுக்குக் குறைந்த பெண்கள் நெருங்கிய உறவாக இருந்தால் ஒழிய இழவு வீட்டுக்குள் நுழையவே கூடாது. அறுபது வயது! ஓய்வூதியத்துக்குத்தான் இந்தக் கணக்கு என்று நினைத்திருந்தேன். அழுவதற்கும் அதே கணக்காம்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி, "சோலன் செய்தது சிக்கனம், பணக்காரர்களின் ஆடம்பரத்தைக் குறைத்தார்" என்றார். மாடு வெட்டக் கூடாது, மூன்று துணிக்கு மேல் போர்த்தக் கூடாது என்றது சிக்கனம், ஒத்துக்கொள்கிறேன். கூலிக்கு மாரடிப்பவர்களுக்குக் கூலி மிச்சம், அதையும் ஒத்துக்கொள்கிறேன். பெற்ற தாய் அழுவதில் என்ன செலவு தம்பி? கியோஸ் தீவில் இயூலிஸ் என்ற ஊரில் ஒரு கல்வெட்டு கிடைத்திருக்கிறது. பிணத்தை மௌனமாகக் கொண்டுபோக வேண்டும் என்கிறது அது. டெல்ஃபியில் இன்னொரு கல்வெட்டு: தெருமுனைகளில் பிணத்தை இறக்கிவைத்து ஓலமிடக் கூடாது. தெருமுனையில் அழுதால் என்ன என்கிறீர்களா? தெருமுனையில் அழுதால் ஊர் கேட்கும். அதுதான் விஷயம்.

சோலனுக்கு முன்னால் ஏதென்ஸில் நடந்ததைப் பாருங்கள். சைலோன் என்பவன் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தான். அவன் ஆட்கள் கோயிலில் தஞ்சம் புகுந்தார்கள். ஒன்றும் செய்ய மாட்டோம் என்று சொல்லி வெளியே வரவைத்து வெட்டிப் போட்டார்கள். அந்தப் பகை இரண்டு தரப்புக் குடும்பங்களிலும் தலைமுறை தாண்டிப் புகைந்தது. புகைய விட்டது யார்? ஒவ்வொரு சாவிலும் பழைய சாவை இழுத்துவைத்துப் பாடுகிற பெண்கள். 'ஒருவர் சாவில் இன்னொருவருக்காக அழாதே' என்ற சட்டத்தின் அர்த்தம் இப்போது புரிகிறதா? இன்றைய பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து நேற்றைய கொலையைப் பேசாதே. சட்டம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது, எதிரணிக்குத்தான் தெரியவில்லை.

இனி இலியட், ட்ராய்ப் போரைப் பற்றி ஹோமர் பாடிய காவியம். எதிரணி அம்மா தன் கட்சிக்குச் சாட்சியாகக் கூப்பிட்டது பிரைசேயிஸை. கிரேக்க வீரன் அக்கிலீஸின் தோழன் பட்ரோக்ளஸ் செத்துக் கிடக்கிறான். அடிமைப் பெண் பிரைசேயிஸ் விழுந்து அழுகிறாள். சுற்றி இருந்த பெண்களும் பட்ரோக்ளஸைச் சாக்காக வைத்துத் தங்கள் தங்கள் துக்கத்துக்கு அழுதார்கள் என்கிறார் ஹோமர். "பார்த்தீர்களா, ஆறுதல்!" என்றார் அம்மா. அம்மா, அவள் என்ன பாடி அழுதாள் என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? "என் புருஷன் ஊருக்கு முன்னால் வெட்டுண்டு கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன். கூடப்பிறந்தவர்கள் மூன்று பேரும் அன்றைக்கே போனார்கள். என் புருஷனை அக்கிலீஸ் கொன்றபோது, அழாதே என்று சொன்னவன் நீ ஒருவன்தான்" என்று பட்ரோக்ளஸைப் பார்த்துப் பாடுகிறாள். எங்கே நின்று? அக்கிலீஸின் கூடாரத்தில். அவன் சோற்றைத் தின்று, அவன் அடிமையாக இருந்துகொண்டு, "என் புருஷனைக் கொன்றவன் இவன்" என்று பெயர் சொல்கிறாள். வேறு எந்த நாளில் சொல்லியிருந்தாலும் தலை தப்பியிருக்காது. பிணம் கிடக்கும்போது சொன்னாள். யாரும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது மாமியார் கதை. இலியட்டின் கடைசிப் பகுதி. அக்கிலீஸ் கொன்ற ட்ராய் இளவரசன் ஹெக்டரின் உடல் ஊருக்கு வந்துவிட்டது. மூன்று பெண்கள் வரிசையாகப் பாடுகிறார்கள். முதலில் மனைவி அந்திரோமக்கே. "வீரனே, தீரனே" என்று ஆரம்பிப்பாள் என்றுதானே நினைப்போம்? "சின்ன வயதிலேயே செத்து, என்னை விதவையாக்கிவிட்டாய், இந்தக் குழந்தை வளரப்போவதில்லை, கோட்டை மேலிருந்து எவனாவது தூக்கி எறிவான், நீ அவன் அண்ணனையோ அப்பனையோ பிள்ளையையோ கொன்றதற்காக" என்கிறாள். ஊரே அவனை வீரன் என்று கொண்டாடுகிறது. அந்த வீரத்துக்கு யார் விலை கொடுக்கப்போகிறார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறாள் பெண்டாட்டி. படுக்கையிலிருந்து கை நீட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாகவில்லையே, ராத்திரி பகலாக நினைத்து அழ எனக்கு அதுவாவது மிஞ்சியிருக்குமே என்று முடிக்கிறாள்.

அடுத்தது தாய் ஹெகுபா. மூன்றாவது, ஹெலன். ஹெக்டரின் தம்பி பாரிஸோடு வந்தவள், எவளால் இந்தப் போரே வந்ததோ அந்த ஹெலன். "இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் உன் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் கேட்டதில்லை. கொழுந்தன்மாரோ, நாத்தனாரோ, ஓரகத்தியோ, மாமியாரோ என்னை ஏசினால் நீதான் தடுத்தாய், மாமனார் மட்டும் அப்பா மாதிரி" என்கிறாள். சபையோரே, ஹோமரின் கிரேக்கத்தில் நாத்தனாருக்குத் தனிச் சொல், ஓரகத்திக்குத் தனிச் சொல் இருக்கிறது. இங்கிலீஷ்காரன் மொழிபெயர்க்கத் திண்டாடுகிற இடம். நமக்கு ஒரு சிரமமும் இல்லை. அதை விடுங்கள். மாமியார் என்று சொன்னாளே, அந்த மாமியார் யார்? இவளுக்கு முன்னால் பாடி முடித்துவிட்டு அதே இடத்தில் நிற்கிற ஹெகுபா! மாமியார் காது கேட்க, ஊர் முழுக்கக் கூடியிருக்கும்போது, "மாமியார் ஏசினாள்" என்று ஒரு மருமகள் சொல்லி, பதிலுக்கு ஒரு வார்த்தை வராத இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான். இதற்குப் பெயர் ஆறுதலா? (கைதட்டாதீர்கள், என் நேரம் போகிறது.)

இந்தப் பெண்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று பார்க்க வேண்டுமானால், ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் ஒரு சாடி இருக்கிறது. கி.மு. எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி, ஒன்றரை மீட்டருக்கும் மேல் உயரம், டிபிலோன் இடுகாட்டில் ஒரு சமாதியின் மேல் நட்டு வைத்திருந்தது. மேலிருந்து கீழ்வரை கோலம் போட்ட மாதிரி கோடும் கட்டமும். நடுவில் மட்டும் மனிதர்கள் இருக்கிற ஒரு காட்சி: கட்டிலில் பிணம், இரண்டு பக்கமும் ஆட்கள், ஏறக்குறைய எல்லோரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் மடித்து வைத்திருக்கிறார்கள். முகம் கிடையாது, கண்ணீர் கிடையாது. தலையில் வைத்த கை மட்டும்தான். யார் செத்தார் என்பதைவிட, இத்தனை பேர் நிற்கிறோம் என்பதைத்தான் அந்த ஓவியன் வரைந்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாடகத்துக்கு வருவோம். அங்கே கொடுங்கோலர்கள் எல்லோருக்கும் ஒரே பயம். ஈஸ்கிலஸ் கி.மு. 458-இல் போட்ட நாடகத்தில், புருஷனைக் கொன்ற கிளைட்டம்னெஸ்ட்ரா அவனை அழுகை இல்லாமல் புதைக்கிறாள். வருஷங்கள் கழித்து மகனும் மகளும் அடிமைப் பெண்களும் சமாதியைச் சுற்றி நின்று, விட்டுப்போன ஒப்பாரியை மாற்றி மாற்றிப் பாடுகிறார்கள். பாட்டு ஆரம்பிக்கும்போது அழுகை. முடியும்போது மகன் ஒரெஸ்டிஸ் கத்தியோடு அரண்மனைக்குப் போகத் தயார். அதே மகள் எலக்ட்ராவைப் பற்றி சோஃபகிளிஸ் எழுதிய நாடகத்தில், அவளிடம், "நீ ஒப்பாரியை நிறுத்தாவிட்டால் வெயிலே படாத இடத்தில் அடைத்துப் போடப்போகிறார்கள்" என்று தங்கையே வந்து எச்சரிக்கிறாள். சோஃபகிளிஸின் இன்னொரு நாடகமான ஆண்டிகனியில், செத்துக் கிடக்கிற அவள் சகோதரனைப் பற்றி அரசன் கிரயோன் போட்ட ஆணை புதைக்கக் கூடாது என்பது மட்டுமல்ல, அழவும் கூடாது. ஆறுதலுக்கா இத்தனை காவல்?

நாடகத்தில் நடந்ததுதானே என்பீர்கள். நிஜத்திலும் நடந்தது. கி.மு. 494-இல் பாரசீகர்கள் மிலேட்டஸ் நகரத்தை அழித்தார்கள். ஏதென்ஸ் நாடகாசிரியர் ஃப்ரினிக்கஸ் அதை நாடகமாகப் போட்டார். அரங்கமே கதறி அழுதது. ஏதென்ஸ் அவருக்குக் கொடுத்த பரிசு ஆயிரம் திராக்மா அபராதம், 'நம் சொந்தத் துயரத்தை ஞாபகப்படுத்திவிட்டாய்' என்று. நாடகத்தை இனி யாரும் போடக் கூடாது என்றும் உத்தரவு. வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். நம் ஊர் சீரியல் இயக்குநர்கள் அந்தக் காலத்தில் பிறக்காதது அவர்கள் செய்த புண்ணியம்.

ஆறுதல் யார் சொன்னது என்று கேட்டால், அதற்கும் ஆள் காட்டுகிறேன். ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸ். ஸ்பார்ட்டாவோடு போர் தொடங்கிய முதல் வருஷம், கி.மு. 431 முடிகிற குளிர்காலம். செத்த வீரர்களின் எலும்புகளைப் பிரிவுக்கு ஒரு சைப்ரஸ் பெட்டியாக வைத்து, உடல் கிடைக்காதவர்களுக்கென்று ஒரு வெறும் பாடையும் விரித்து, அரசாங்கமே அடக்கம் செய்தது. பெரிக்ளீஸ் மேடையேறிப் பேசிய பேச்சை இன்றைக்கும் பாடத்தில் வைக்கிறார்கள். பெற்றவர்களுக்கு அவர் சொன்ன ஆறுதல் என்ன தெரியுமா? இன்னும் வயது இருப்பவர்கள் வேறு பிள்ளை பிறக்கும் என்று தேற்றிக்கொள்ளுங்கள். விதவைகளுக்கு? ஆண்கள் நடுவே நல்லதாகவோ கெட்டதாகவோ உங்கள் பெயர் அடிபடாமல் இருப்பதே உங்களுக்குப் பெருமை. கடைசி வரி: அவரவர் ஆட்களுக்கு அழுதாயிற்றல்லவா, கிளம்புங்கள். ஒரு பக்கம் பெரிக்ளீஸ், இன்னொரு பக்கம் அந்திரோமக்கே. எது ஆறுதல், எது ஆயுதம் என்று நடுவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த மாதிரி அரசாங்க இரங்கல் பேச்சுக்கு 'எபிதாஃபியோஸ்' என்று பெயர். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு தடவை திரும்பி வரும்.

கிறிஸ்தவம் வந்தது. சட்டத்தைப் போட்டவர்கள் மாறினார்கள், சட்டம் மாறவில்லை. நான்காம் நூற்றாண்டில் யோவான் கிறிசோஸ்தோம் (பெயருக்குப் பொருள் 'பொன்வாய்') கூலிக்கு அழுகிற பெண்களை வைத்தால் கோயிலுக்குள் விட மாட்டேன் என்று மிரட்டினார். பைபிளில் இருக்கிற சங்கீதங்களைப் பாடுங்கள், அலறாதீர்கள் என்றார். பெண்கள் கேட்கவில்லை. கடைசியில் சபையே ஒப்பாரியை உள்ளே எடுத்துக்கொண்டது: பெரிய வெள்ளி இரவில், பூவால் மூடிய மஞ்சத்தைச் சுற்றி நின்று, மகனைப் பறிகொடுத்த மரியாளின் குரலில் "என் இனிய வசந்தமே" என்று பாடுகிறார்கள். அந்தப் பூ மஞ்சத்துக்கும் பெயர் எபிதாஃபியோஸ். எதிரணித் தம்பி இதைத் தன் சாட்சியாகச் சொல்வார். சொல்லட்டும். ஆனால் முதல் நாள் இரவில் கோயிலில் கண்விழித்து உட்கார்ந்து பெண்கள் பாடுகிற நாட்டுப்பாட்டில் மரியாள் வேறு மாதிரி. மகனைச் சிலுவையில் அறைய மூன்று ஆணி அடிக்கச் சொன்னால் ஐந்து ஆணி அடித்துக் கொடுத்தானாம் ஒரு கொல்லன். பல ஊர்ப் பாட்டுகளில் அவனுக்கு மரியாளின் சாபம் விழுகிறது. தேவாலயப் புத்தகத்து மரியாள் அழுகிறாள். ஊர்ப் பெண்களின் மரியாள் ஆளைக் கண்டுபிடிக்கிறாள்.

அப்புறம் மானி. பெலொப்பொனீஸின் தெற்கு முனை, வெறும் பாறை, கல்லால் கட்டிய கோபுர வீடுகள். எதிர் வீட்டுக்காரனைச் சுடுவதற்கு வசதியாகக் கட்டிய வீடுகள் அவை. ஆண் பிள்ளையைத் 'துப்பாக்கி' என்றே சொல்லிய ஊர். அங்கே பிணத்தைச் சுற்றிப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி எட்டு அசை வரியில் மிரோலோயி, அதாவது அவர்கள் ஊர் ஒப்பாரி, பாடுவாள். மற்றவர்கள் விம்மி, வரியை வாங்கி, ஆமாம் என்பது போல் திருப்பிக் கொடுப்பார்கள். அவள் ஓய்ந்ததும் அடுத்தவள் பிடிப்பாள். செத்தவன் எப்படிச் செத்தான், எவன் சுட்டான், எங்கே ஒளிந்திருந்தான், இவன் சாவுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆண்பிள்ளை இந்த வீட்டில் யார் யார் என்று வரும் அந்தப் பாட்டில். ஊர்க் கூட்டத்தில் பெண்ணுக்கு இடம் இல்லை. பிணம்தான் அவளுக்கு மேடை. ஒருத்தி வாக்குமூலம் கொடுக்கிறாள், சுற்றி இருப்பவர்கள் சாட்சி சொல்கிறார்கள், கேட்டுக்கொண்டு நிற்கிற ஆண்பிள்ளைக்குத் தீர்ப்பு காதில் விழுகிறது.

ஒரு இடத்தில் மட்டும் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். எலும்பை வெளியே எடுக்கிற நாளில், மண்ணைக் கையால் தள்ளித் தள்ளி மண்டையோடு தென்படும்போது தாய் பாடுகிற பாட்டு இருக்கிறதே, அதில் எந்த ஆயுதமும் இல்லை. அனுப்பிய பிள்ளை எப்படித் திரும்பி வந்திருக்கிறான் பாருங்கள் என்று அழுவாள். அதற்கு மேல் வாதம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அவர்களின் இன்னொரு பாட்டைக் கேளுங்கள். செத்தவர்களை மறுகரைக்குக் கொண்டுபோகிற பழைய கதைப் படகோட்டி காரோன், நாட்டுப்பாட்டில் குதிரை ஏறிய எமனாக, காரோஸாக மாறிவிட்டான். இளைஞர்களை முன்னால் விரட்டிக்கொண்டு, கிழவர்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு, குழந்தைகளைச் சேணத்தில் வரிசையாக வைத்துக்கொண்டு மலை தாண்டிப் போகிறான். "ஊர்ப் பக்கம், நீரூற்றுப் பக்கம் கொஞ்சம் நில்" என்று கெஞ்சுகிறார்கள். மாட்டேன் என்கிறான். ஏன்? தண்ணீருக்கு வருகிற தாய்மார்கள் பிள்ளைகளை அடையாளம் கண்டுகொள்வார்கள், புருஷன் பெண்டாட்டியைப் பிரிக்க முடியாது. சோலனுக்குத் தெருமுனை பயம். காரோஸுக்குக் குழாயடி பயம்.

மணி பக்கத்தில் நடுவர் கை போகிறது. இரண்டே நிமிஷம்.

1943 பிப்ரவரி 28. ஏதென்ஸ் ஜெர்மானியர் பிடியில். கவிஞர் கோஸ்டிஸ் பலமாஸின் அடக்கம். கவிஞர் சிகெலியானோஸ் எழுந்து, இந்தப் பெட்டியில் கிரேக்கமே சாய்ந்திருக்கிறது என்று பாடினார். ஆக்கிரமித்தவர்களின் ஆட்கள் மலர்வளையத்தோடு நிற்கும்போதே கூட்டம் தேசிய கீதத்தைப் பாடியது. வேறெங்கே கூடிப் பாடியிருந்தாலும் சுட்டிருப்பார்கள்.

அதற்கு ஏழு வருஷம் முன்னால், 1936 மே. தெசலோனிக்கியில் புகையிலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம். போலீஸ் சுட்டது. மறுநாள் பத்திரிகையில் ஒரு படம்: நடுத்தெருவில் செத்துக் கிடக்கிற மகன், அவன் மேல் குனிந்து கறுப்பு உடையில் ஒரு தாய். அந்தப் படத்தைப் பார்த்த இளைஞர் யான்னிஸ் ரிட்சோஸ் உட்கார்ந்து எழுதினார், மானிப் பெண்களும் மற்ற ஊர்ப் பெண்களும் பாடிய அதே ஒப்பாரிக் குரலில், பதினைந்து அசை ஈரடிகளில். தலைப்பு, எபிதாஃபியோஸ். ஆகஸ்டில் மெட்டாக்சாஸின் சர்வாதிகாரம் வந்தது. ஒலிம்பிய ஜீயஸ் கோயில் தூண்களுக்கு முன்னால் அந்தப் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். பின்னால் அதற்கு இசை அமைத்தவர் தியோடராகிஸ். 1967-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவர் பாட்டுகளைப் பாடவும் கூடாது, கேட்கவும் கூடாது என்று ஆணை போட்டது. சோலனாவது கேட்பதை விட்டுவைத்தார்.

அந்தக் கவிதையில் தாய் ஆரம்பத்தில் மகனின் சுருட்டை முடியில் விரல் விட்டுக் கோதிய நாள்களைத்தான் நினைக்கிறாள். கடைசியில் எழுந்து நிற்கிறாள். உன் தோழர்களிடம் போகிறேன், என் கோபத்தை அவர்களோடு சேர்க்கிறேன், உன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டேன், நீ தூங்கு என்கிறாள்.

நடுவர் அவர்களே, தலைப்பில் 'ஆயுதம்' என்ற சொல்லை உவமையாகத்தான் போட்டிருப்பீர்கள். ரிட்சோஸ் அந்தத் தாயின் கையில் நிஜத் துப்பாக்கியையே கொடுத்துவிட்டார். மணி அடித்துவிட்டீர்கள். உட்காருகிறேன். வணக்கம்.